பால்கனியில் ஒரு பட்டறை

மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆசையோடு நின்றுவிடுகிறார்கள். இளவயதில் காசில்லை. காசு சேர்ந்தபோது மூட்டு ஒத்துழைப்பதில்லை. மும்பையிலோ தில்லியிலோ அடுக்குமாடியில் குடியிருந்தால் இடமும் இல்லை. வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் விரக்திதான் மிஞ்சும். கார் ஷெட் அளவுக்கு ஒரு பட்டறை, மின்சார ரம்பம், கடைசல் இயந்திரம், தூசு உறிஞ்சும் கருவி எல்லாம் இருந்தால்தான் ஆரம்பிக்கவே முடியும் என்று நினைக்கவைத்துவிடுகிறார்கள்.

விஜயவாடா அருகிலுள்ள கொண்டபள்ளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பொம்மை செய்யும் குடும்பங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கின்றன. மரம், 'தெல்ல பொனிகி' என்ற மிக லேசான ஜாதி. கை, கால், தலை எல்லாவற்றையும் தனித்தனியே செதுக்கி, புளியங்கொட்டைப் பொடியும் மரத்தூளும் கலந்த விழுதால் ஒட்டி, அரத்தால் ராவி, வர்ணம் பூசுகிறார்கள். மென்மையான மரம், சிறிய துண்டுகள், கைக்கருவிகள், ஒட்டிச் சேர்க்கும் முறை. இடமும் பலமும் குறைந்தவருக்கு இந்த நான்கும் போதும்.

வாங்க வேண்டியது அதிகமில்லை: நல்ல கத்தி ஒன்று, நுண்ணிய பற்கள் கொண்ட ரம்பம், இரண்டு கிளாம்ப், ஒரு சாணைக்கல். உளியும் இழைப்புளியும் பிறகு வரட்டும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் சாணைக்கல்தான். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ள வேண்டும். அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். கூரான கத்திக்குப் பாதி பலம் போதும்.

மரத்துக்கு டிம்பர் டிப்போவுக்கு ஓட வேண்டியதில்லை. இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் பலகை சுலபமாகச் செதுக்க வரும். ஆனால் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றிருந்தால் மெதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. அதை விட்டுவிடுங்கள்.

இனி உடம்பு. கைமூட்டு வலி உள்ளவர்கள் கத்திப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கிக்கொள்ளலாம். பிடி தடித்தால் விரல்களை இறுக்க வேண்டியிராது. தள்ளி அறுக்கும் ரம்பத்தைவிட இழுத்து அறுக்கும் ஜப்பானிய வகைக்குப் பலம் குறைவாகப் போதும். பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவர் மரத்தைக் கிளாம்பில் இறுக்கச் சொல்லிவிட்டு, அரமும் உப்புத்தாளும் கொண்டு மறுகையால் வேலை செய்யலாம். தரையில் உட்கார முடியாவிட்டால் நாற்காலி, முழங்கை உயரத்துக்கு ஒரு மேஜை. ஒரு வேளைக்கு இருபது நிமிடம் போதும்; வலி ஆரம்பிக்கும் முன்பே எழுந்துவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். நம் தச்சர்கள் மரத்தைக் காலால் பிடித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதைச் செய்யவே கூடாது. ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கத்தியை எடுக்கலாம். அரத்தோடு நின்றுகொண்டாலும் தவறில்லை. அடுத்தது தூசு. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கத்தியால் சீவினால் தூள் பறக்காது, சுருள்தான் விழும். பக்கத்து வீட்டுக்காரரின் மதியத் தூக்கமும் கெடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 'இது ஆசாரி வேலை, உங்களுக்கெதற்கு?' என்ற கேள்வி. கைவேலையை ஜாதியோடு முடிச்சுப்போட்டு வைத்த சமூகம் கேட்கும் கேள்வி அது. தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் பாரிஸ்டர் காந்தி செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். அங்கே தச்சு வகுப்பும் நடந்தது. கைத்தொழிலைச் சுற்றியே பாடம் அமைய வேண்டும் என்று 1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த கல்வித் திட்டத்தை நாம் மரியாதையோடு ஒதுக்கிவைத்தோம். விளைவு, ஆணி அடிக்கவும் ஆள் தேடுகிறோம்.

நோயாலோ முதுமையாலோ வீட்டோடு அடங்கியவருக்குப் பெரிய வேதனை, எல்லாவற்றையும் பிறர் செய்து தர வேண்டியிருப்பதுதான். அவர் பத்து நாள் தேய்த்துச் செய்த கரண்டி கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். ஆனாலும் அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டாம்; அடுப்படியில் வைத்துத் தினமும் குழம்பு கிண்டுங்கள். அடுத்த துண்டு மரத்தை அவரே கேட்பார்.