மருந்து முடிந்தாலும் நஞ்சு முடிவதில்லை

அண்மையில் பாடசாலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தூக்கி வந்தது. வாயை வெட்டி, கம்பியில் பிடி போட்டிருந்தார்கள். கிழிந்த லேபலில் அபாயக் குறி பாதி தெரிந்தது. அது களைநாசினிக் கேன். வீட்டில் குடிதண்ணீர் பிடித்து வைப்பதும் அதில்தான் என்றது பிள்ளை.

அந்தத் தாயைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பீலியில் தண்ணீர் வரும்போது பிடித்து வைக்கப் பாத்திரம் வேண்டும். மருந்துக் காம்பராவுக்குப் பின்னால் கேன் சும்மா கிடக்கிறது. அதை அங்கே கிடக்கவிட்டது யார் என்பதே நமது கேள்வி.

மருந்து அடிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம் வேண்டுமென்று பல காலமாகப் பேசி வருகிறோம். அடித்து முடித்த பின் மிஞ்சுவதைப் பற்றிப் பேசியது குறைவு. வெறும் கேன், காலாவதியான மருந்து, நனைந்த அட்டைப் பெட்டி, கிழிந்த கையுறை எல்லாமே அபாயகரமான கழிவுகள். 2015 இல் கிளைபோசேட் தடை வந்தது; 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்ந்தது. 2021 இல் விவசாய இரசாயன இறக்குமதியே தடையாகி, அதே ஆண்டு இறுதியில் நீங்கியது. இந்த மாற்றங்களுக்கிடையே களஞ்சியத்தில் எஞ்சிய பழைய மருந்து எங்கே என்று எத்தனை தோட்டங்களில் கேட்டிருக்கிறோம்?

சட்டம் இல்லாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வந்த ஒழுங்குவிதிகள், அட்டவணையிடப்பட்ட கழிவுகளைச் சேகரிக்கவும் களஞ்சியப்படுத்தவும் அகற்றவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. இத்தகைய கழிவைக் குழியில் போட்டுக் கொளுத்த முடியாது. அந்தப் புகை வருவது லயத்துக்குத்தான். புதைத்தால் மழையோடு கீழே ஊற்றுக்கு இறங்கும். மிக உயர்ந்த வெப்பத்தில், முறைப்படி எரிக்க வேண்டும். அதற்கான லொறி தினமும் மலைக்கு வராது. எனவே, வரும் வரை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் நமது பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

நாம் நிர்வாகத்திடம் கேட்பவை இவை:

1. கழிவுக்கென்று தனி அறை. கூரை ஒழுகக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், பூட்டு வேண்டும். லயம், பிள்ளைக் காம்பரா, ஓடை, அரிசி மா வைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

2. வெடிப்பில்லாத சீமெந்துத் தரை. வாசலில் உயர்த்திக் கட்டிய வரம்பு. கேன் ஒழுகினாலும் வெளியே ஓடாதிருக்க இதுவே வழி. சிந்தியதை உறிஞ்ச மணலோ மரத்தூளோ, கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் அருகில் இருக்க வேண்டும்.

3. காலாவதியான மருந்து லேபலோடு அதன் சொந்தக் கலனிலேயே இருக்க வேண்டும். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. தூள் மேல்தட்டில், திரவம் கீழ்த்தட்டில்.

4. களஞ்சியத்திலிருந்து போன கேன் எத்தனை, வெறுமையாகத் திரும்பியது எத்தனை என்று பதிவேடு. மாதம் ஒருமுறை தோட்டக் கமிட்டித் தலைவரும் தலைவியும் அதைப் பார்க்க வேண்டும்.

5. கேன் முடிந்ததும் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, மும்முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் தாங்கியிலேயே ஊற்றி, பின் கேனில் துளையிட வேண்டும். இந்த நேரமும் வேலை நேரமே. இதைக் காட்டி எவருக்கும் அரைப் பெயர் போடக் கூடாது.

நமது பக்கமும் ஒரு கடமை உண்டு. மும்முறை கழுவிய கேனும் குடிதண்ணீருக்கு ஆகாது. இன்றே வீட்டைப் பாருங்கள். இருந்தால் களஞ்சியத்தில் திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுப்பவரைத் திருடியவராகப் பார்க்கக் கூடாது என்பதையும் நிர்வாகத்திடம் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் பிடிக்க நல்ல பாத்திரமும் ஒழுங்கான குழாயும் இல்லாத வீட்டுக்கு அறிவுரை மட்டும் போதாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் விடயமாக இதை எடுங்கள். துரையிடம் போகும் முன் மருந்துக் காம்பராவுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே கிடக்கும் கேன்களை எண்ணி எழுதிக்கொண்டு போங்கள்.