தேடாத இடத்தில் எதுவும் இருக்காது

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் டேஷ்போர்டில் பிழைகளின் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்றிருந்தது. 'வார இறுதி அமைதியாகக் கழிந்தது' என்று மேலாளருக்கு மெயில் போட்டேன். மதியம்தான் தெரிந்தது, பிழைகளைச் சேகரிக்கும் நிரலே வெள்ளி இரவு செத்துப்போயிருந்தது. இரண்டு நாளாக வாடிக்கையாளர்கள் பணம் கட்ட முடியாமல் திண்டாடியிருக்கிறார்கள். தகவல் வரவில்லை என்பதை, எதுவும் நடக்கவில்லை என்று வாசித்தது நான்தான்.

இதே தப்பை 35 கோடி வருடப் பாறையை வைத்தும் செய்யலாம். செய்திருக்கிறோம்.

கார்பானிஃபெரஸ் காலத்தின் முதல் அடுக்குக்கு டூர்னேசியன் என்று பெயர். பெல்ஜியத்தின் டூர்னே நகரம் தந்த பெயர். சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 1.2 கோடி ஆண்டுகள் நீடித்தது. அதற்கு முந்தைய டெவோனியன் பாறைகளில், கிரீன்லாந்தில், அகாந்தோஸ்டெகா கிடைக்கிறது. கையில் எட்டு விரல், ஆனாலும் பெரும்பாலும் தண்ணீர்வாசி. அடுத்து வரும் விசேயன் அடுக்கிலோ, ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கிர்க்டனில், தரையில் நடமாடிய விதவிதமான நாலுகால் பிராணிகள். நடுவில்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முதுகெலும்பி கரையேறிய கதையில் முக்கியமான பக்கமே கிழிந்துபோன மாதிரி. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபிரட் ரோமரை முன்னிட்டு இதை 'ரோமர் இடைவெளி' என்றார்கள்.

இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்தால் அது இருக்கிற பொருளாகிவிடும். அப்புறம் அதற்குக் காரணம் கேட்போம். 2006இல் ஓர் ஆய்வு காரணம் சொன்னது: அப்போது காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் கரையேற்றம் தடைப்பட்டது. கருதுகோளாக அதில் தவறே கிடையாது, சோதித்துப் பார்க்கக்கூடியது. என் சண்டை, 'கருதுகோள்' என்ற சொல்லை வழியிலேயே உதிர்த்துவிட்டு 'மூச்சுத் திணறிய உலகம்' என்று கதை சொன்னவர்களோடு. நானும் டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். நல்லா எடுபட்டது.

ஆனால் தடயம் எப்போதோ கிடைத்துவிட்டது. 1841இலேயே கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஹார்ட்டன் பிளஃப் கடற்கரையில், இதே டூர்னேசியன் பாறையில் வில்லியம் லோகன் காலடித் தடங்களைக் கண்டார். 1971இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் அருகே ஓர் எலும்புக்கூட்டை எடுத்தவர்கள் மீன் என்று நினைத்துவிட்டார்கள். 2002இல் ஜென்னி கிளாக்தான் அது நாலுகால் பிராணி என்று காட்டி, பெடர்பெஸ் என்று பெயர் வைத்தார். முப்பது வருடம்! விலங்கு அலமாரியிலேயே இருந்தது.

பிறகு, புதைபடிவம் தேடுவதையே பிழைப்பாக்கிக்கொண்ட ஸ்டான் வுட் ஸ்காட்லாந்தின் ஆற்றங்கரைகளையும் கடற்கரைகளையும் விடாமல் கிளறினார். அவரும் கிளாக்கும் குழுவினரும் அந்தக் கண்டெடுப்புகளை 2012இல் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் அங்கிருந்து ஐந்து புதிய நாலுகால் இனங்கள் விவரிக்கப்பட்டன. அந்தப் பாறைகளில் கரித்துகள்களும் இருந்தன. காட்டுத்தீ எரிய ஆக்ஸிஜன் வேண்டுமே? அதையும் கணக்குப் பார்த்தார்கள். மூச்சுத் திணறும் அளவுக்குக் காற்று மெலிந்திருக்கவில்லை.

"தேடியும் கிடைக்கலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?" என்பீர்கள். ஆமாம், தேடியிருந்தால். எங்கே தேடினீர்கள் என்பதும் கேள்வி. டூர்னேயின் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது. அங்கே போய்க் கரைவாசிகளைத் தேடிப் பயனில்லை. ஆறும் சேறும் படிந்த பாறை வேண்டும், அதன் முன்னால் மண்டியிட ஆள் வேண்டும். டெவோனியன் முடிவில் பேரழிவு நடந்தது உண்மை. பிழைத்தவை குறைவாக இருந்திருக்கலாம். குறைவு வேறு, இல்லை என்பது வேறு. ஒரு அழகான விளக்கம் செய்கிற பெரிய கெடுதல், அது தப்பாக இருப்பதல்ல. இனி அங்கே போய்ப் பார்க்கத் தேவையில்லை என்று நம்மை நம்ப வைப்பதுதான்.

எங்கள் டேஷ்போர்டை மாற்றிவிட்டேன். தகவல் வராத நேரத்தில் இப்போது பூஜ்ஜியம் வராது. சாம்பல் கட்டத்தில் 'தெரியாது' என்று வரும். பார்க்க அசிங்கமா இருக்கு என்கிறார்கள். இருக்கட்டும்.