வீட்டு ஷெட்டில் டர்போ கட்டக் கூடாதா?

"டர்போ எஞ்சினை வீட்டில் பிரிக்காதே, வெடித்துவிடும்; பட்டறையில் கொடு" என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது.

1990களின் மிட்சுபிஷி எக்லிப்ஸில் வந்த 4ஜி63 எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 1,997 சிசி, வார்ப்பிரும்பு பிளாக். அமெரிக்காவில் எத்தனையோ பேர் அதை வீட்டு ஷெட்டில்தான் பிரித்துக் கட்டினார்கள். சிலிண்டர் போரிங்குக்கும் கிராங்க் வேலைக்கும் லேத் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். அதை யார் மறுத்தார்கள்? ஆனால் பிஸ்டன் ரிங்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்கத் தேவை பொறுமை மட்டும்தான். டர்போ சூட்டில் ரிங் விரியும். இடைவெளி குறைந்தால் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும். தன் காருக்காக ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டரில் வைத்துப் பார்ப்பவன், நாளைக்குள் நான்கு வண்டி முடிக்க வேண்டிய மெக்கானிக்கைவிடக் கவனமாகவே பார்ப்பான்.

பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் வளையும். எங்கே கட்டினாலும் அதைப் புதிதாகப் போடாவிட்டால் இதுதான் கதி.

எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் ட்யூனிங் அவசரம். பெட்ரோலைக் கூட்டாமல், இக்னிஷனைப் பின்தள்ளாமல் பூஸ்டை மட்டும் ஏற்றினால் நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும். வைட்பேண்ட் சென்சர் பொருத்துங்கள். முழு பூஸ்டில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.5 அருகே இருக்கட்டும். இதைத் தெருவில் செய்யாதீர்கள், டைனோவை வாடகைக்கு எடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷனைத் துண்டித்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை கிராங்க் செய்யுங்கள். டர்போ பேரிங் காய்ந்து சுழலக் கூடாது.