கடன் 50 கோடி... வாங்கியதா, கொடுத்ததா?

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் "கடன் 50 கோடி" என்று இருந்தால், அது வாங்கியதா கொடுத்ததா என்று எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதைப் பார்த்தே நாம் சொல்லிவிடுவோம். கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்தும் எண்ணும்தான்.

அதற்காக வந்ததுதான் எக்ஸ்பிஆர்எல். நம் வகுப்பில் பலருக்கு இது "ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம்". ஆனால் நண்பர்களே, 1998-ல் இந்த யோசனையை ஆரம்பித்துவைத்த சார்லஸ் ஹாஃப்மன் ஓர் அமெரிக்கக் கணக்காளர், நம்மூர் சி.ஏ. மாதிரி!

ஜவுளிக்கடைச் சேலையில் தொங்கும் சீட்டு போல ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு டேக். இது என்ன, எந்தக் கம்பெனியுடையது, ரூபாயா டாலரா, எப்போதைக்கு உரியது என்று அதிலிருந்து தெரியும். ரொக்க இருப்புக்கு ஒரே ஒரு தேதி. விற்பனைக்கு ஆரம்பம், முடிவு என்று இரண்டு தேதி. பி.காம் முதல் வருடத்தில் மனப்பாடம் செய்தோமே, "மார்ச் 31 அன்று", "மார்ச் 31-ல் முடிந்த ஆண்டுக்கு", அதே வித்தியாசம்தான். பற்றா வரவா என்பதுகூடப் பல டேக்குகளில் குறித்திருக்கும்.

சறுக்குவதும் இங்கேதான். அச்சில் செலவுத் தொகையை அடைப்புக்குறிக்குள் போடும் பழக்கம் உண்டு. அதைப் பார்த்து ஒருவர் மைனஸ் போட்டு ஏற்றிவிட்டால்? டேக் ஏற்கெனவே "செலவு" என்கிறது. செலவுக்கு மைனஸ் என்றால் வருமானம் மாதிரி ஆகிவிடும்! லட்சம், கோடி குழப்பம் தனிக்கதை.

அமெரிக்காவில் பொருத்தமான டேக் கிடைக்காவிட்டால் கம்பெனியே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். நியாயம்தான். ஆனால் இருப்பதை ஒழுங்காகத் தேடாமல் ஆளுக்கொன்று உருவாக்கினால் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடவே முடியாது. அப்புறம் எதற்கு இந்தக் கூத்து?

இந்தியாவில் 2010-11 கணக்கிலிருந்தே பங்குச்சந்தைக் கம்பெனிகளும், 5 கோடி மூலதனமோ 100 கோடி விற்றுமுதலோ கொண்டவையும் (வங்கி, காப்பீடு போன்ற சில துறைகளுக்கு விலக்கு) இப்படித்தான் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் தந்த முன்பணத்துக்கு எந்த டேக், அது கடனா இல்லையா என்று முடிவு செய்வது தட்டச்சு வேலையா? அது கணக்கியல் தீர்ப்பு. தப்பானால் அந்த எண்ணை நம்பிப் பங்கு வாங்குகிறவர் ஏமாறுவார்.

ஆகவே இதைக் கம்ப்யூட்டர் லேபுக்குத் தள்ளாமல் கணக்கியல் தாளிலேயே வையுங்கள். ஒரு பக்க பேலன்ஸ் ஷீட், கூடவே டேக் பட்டியல், பொருத்துக என்று 10 மார்க். டேலியில் வவுச்சர் போடுவதைவிட எனக்கு இது சுவாரசியமாகத்தான் இருக்கும் :-)