பெயர் தெரியவில்லையாம்!

கொல்கத்தாவில் எனக்கு வேறு காரியம். அது சீக்கிரமே முடிந்து, ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. நண்பர் ஒருவர், “பழைய காந்தாக்களின் கண்காட்சி ஒன்று நடக்கிறது, வாருங்கள்” என்று ஒரு சிறிய மண்டபத்துக்கு அழைத்துப் போனார்.

காந்தா என்பது வங்காளத்துப் போர்வை. நம்முடைய ‘கந்தை’யும் அதுவும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. உடுத்துக் கிழிந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, நெருக்க நெருக்க நூலோட்டித் தைத்துவிடுகிறார்கள். அந்த நாளில் நூலைக்கூடக் கடையில் வாங்கவில்லை. பழைய புடவைக் கரையிலிருந்தே சிவப்பும் நீலமும் கறுப்புமாக உருவிக்கொண்டார்கள். நடுவிலே தாமரை. நான்கு மூலையிலும் மரம். இடையிலே யானை, ரதம், மீன், தொப்பி போட்ட துரை. குளிருக்குப் போர்த்த ஒன்று, விருந்தாளி உட்கார ஒன்று, புத்தகத்தைச் சுற்றிவைக்க ஒன்று, கண்ணாடியும் சீப்பும் சுருட்டிவைக்க ஒன்று. எறிந்துவிட வேண்டிய கந்தலை எடுத்து இப்படிச் செய்தவர்களைக் கும்பிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

யாரைக் கும்பிடுவது? அங்கேதான் சங்கடம்.

ஒவ்வொரு காந்தாவின் கீழும் ஓர் அட்டை இருந்தது. பருத்தித் துணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி, இன்னார் குடும்பத்துச் சேகரிப்பு, செய்தவர் பெயர் தெரியவில்லை. முதல் அட்டையைப் படித்தபோது அனுதாபப்பட்டேன். பத்தாவது அட்டையில் கோபம் வந்துவிட்டது. கடன் கொடுத்த கனவானின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது. திறந்துவைத்த பிரமுகரின் பெயர் வாசலில் இருக்கிறது. விளக்குப் போட்ட கம்பெனியின் பெயர்கூட இருக்கிறது. இராப் பகலாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தவள் பெயர் மட்டும் தெரியவில்லையாம்!

ஒரு காந்தாவின் ஓரத்தில் நூலால் எழுத்துப்போல ஏதோ தெரிந்தது. எனக்கு வங்காளி எழுத்துத் தெரியாது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணைக் கேட்டேன். அவள் குனிந்து பார்த்து, “முன்னெழுத்துகளில் நூல் போய்விட்டது. ‘மணி தாசி’ என்று முடிகிறது” என்றாள். தாசி என்றதும் நம் ஊர் அர்த்தம் பண்ண வேண்டாம். அந்தக் காலத்து வங்காளப் பெண்கள் பலருடைய பெயருக்குப் பின்னால் வரும் சாதாரண வால் அது. ஆக, தைத்தவள் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அதற்கு நேர் கீழேதான் அந்த அட்டை தொங்குகிறது!

ஏற்பாடு செய்தவரிடம் போய்ச் சொன்னேன். மிக மரியாதையான மனிதர். சிரித்துக்கொண்டே, “இது கிராமியக் கலை ஐயா. சமூகம் முழுவதும் சேர்ந்து படைத்தது. பெயர் போட்டுக்கொள்வதெல்லாம் மேல்நாட்டார் பழக்கம். நம் மரபில் கலைஞன் தன்னை மறைத்துக்கொள்வான்” என்றார்.

இந்த வேதாந்தத்தை நானும் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைந்துகொள்ள விரும்பியவள் எதற்காகத் தன் பெயரைத் தைத்தாள்? இதே கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் குருசதய் தத் சேகரித்த பொருள்களுக்கென்று 1963-இலிருந்து ஒரு மியூசியம் இருக்கிறது. அதிலே மானதாசுந்தரி தாசி என்பவள் தன் தகப்பனாருக்காகத் தைத்த காந்தா பெயர் பெற்றது. தன் பெயரை அவளே ஊசியால் எழுதிவைத்திருக்கிறாள். அவளுக்கு இந்த வேதாந்தத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

மரபென்று சொன்னால் நமக்கும் ஒரு மரபு உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை வெட்டிவைத்தான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்லில் இருக்கிறது. நானூறு பெயரைக் கல்லில் வெட்ட முடிந்தது. முப்பது பெயரை அட்டையில் எழுத முடியவில்லை!

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் ஹாரியட் பவர்ஸ் என்று ஒரு நீக்ரோ ஸ்திரீ இருந்தாள். 1837-இல் அடிமையாகப் பிறந்தவள். பைபிள் கதைகளைத் துணித் துண்டுகளில் உருவங்களாக வெட்டி, பதினொரு கட்டங்களாக ஒரு போர்வை தைத்தாள். 1886-இல் ஒரு சந்தைக் காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற சித்திர ஆசிரியை விலைக்குக் கேட்டாள், இவள் மறுத்துவிட்டாள். சில வருஷங்களில் கஷ்டம் வந்தது. பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தாள். பிறகும் பலமுறை வந்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டுப் போனாளாம். ஐந்து டாலர் பேரம் கொடுமைதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வாங்கியவள் ஒன்று செய்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று தைத்தவளையே கேட்டு எழுதிவைத்தாள். இன்று அந்தப் போர்வை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் ஹாரியட் பவர்ஸ் என்ற பெயரோடு இருக்கிறது. காரணம், ஒருத்தி கேட்டாள், அவ்வளவுதான்.

கனவான்களின் பாட்டனார்கள் கேட்கவில்லை. பேரன்களும் கேட்கவில்லை. ‘தெரியவில்லை’ என்பது அடக்கமான சொல். தேடித் தேடி அலுத்துப்போனவன் சொல்ல வேண்டியது. இவர்கள் தேடவே இல்லை. ‘கேட்கவில்லை’ என்று அட்டையில் எழுதட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

இது செத்துப்போனவர்களைப் பற்றிய வழக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வங்காளக் கிராமங்களில் இன்றும் பெண்கள் கூலிக்குக் காந்தா தைக்கிறார்கள். பட்டணத்துக் கடையில் அந்தப் புடவையில் தொங்கும் சீட்டில் கடையின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, வெளுக்கும் விதம் இருக்கிறது. தைத்தவள் இல்லை. நூறு வருஷம் கழித்து இதையும் ஒரு மண்டபத்தில் மாட்டி, அதே அட்டையைத் தொங்கவிடுவார்கள். பெயரில்லாதவளுக்குக் கூலியைக் குறைப்பது சுலபம் என்பது வியாபாரிக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு மட்டும் யோக்கியதை என்ன என்று கேட்கலாம். நான் சிறு வயதில் படுத்த புடவை மெத்தையைப் பாட்டி தைத்தது என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் அத்தையைக் கேட்டேன். “பாட்டியா? அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாதே! எல்லாம் நம் வீட்டோடு இருந்த பெரியம்மா தைத்தது” என்றாள்.

பெரியம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். அத்தைக்கு ஞாபகமில்லை. கேட்டிருக்க வேண்டிய காலத்தில் நானும் கேட்கவில்லை.