வேக ரயில் யாருக்காக ஓடும்?

கோலாலம்பூரிலிருந்து 90 நிமிடத்தில் சிங்கப்பூர் என்று 2013-இல் சொன்னார்கள். 2016-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 2020 இறுதியில் அது காலாவதியானது. சிங்கப்பூருக்கு நம் அரசாங்கம் கட்டிய இழப்பீடு 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் டாலர். ஒரு சிலிப்பர் கட்டைகூடப் போடாத ரயிலுக்கு! 2023-இல் தனியாரிடம் மறுபடியும் திட்டம் கேட்டார்கள். அதைப் பினாங்கு வரை நீட்ட வேண்டும் என்ற பேச்சும் நம் காதில் விழுகிறது.

வரட்டும். மலாயாக் காட்டை வெட்டித் தண்டவாளம் போட்ட கைகளில் நம் பாட்டன்மார் கைகளும் உண்டு. நமக்கு ரயில் மேல் கோபமில்லை. ஆனால் சில கேள்விகள் உண்டு.

அதிவேக ரயில் ஊருக்கு ஊர் நிற்காது. அந்த 350 கிலோமீட்டர் பாதைக்கு மலேசியாவில் 7 நிலையங்களே திட்டமிடப்பட்டன. நிலையம் உள்ள ஊரில் கடை வரும், வேலை வரும், நிலவிலை ஏறும். மற்ற ஊர்களுக்கு இரைச்சல்தான் மிச்சம். சீனாவில் விரைவு ரயில் நிற்காமல் தாண்டிப்போன சிறு மாவட்டங்களின் வளர்ச்சி குறைந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முதலீடு பெருநகரங்களுக்குப் போய்விட்டதாம்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2015 முதல் இ.டி.எஸ். பட்டர்வொர்த் வருகிறது; தலைநகருக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். நல்ல வசதிதான். ஆனால் நிபோங் திபாலிலிருந்து பிறை தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்ணுக்கு அதனால் என்ன? அவளுக்கு வேண்டியது விடியலில் நேரத்துக்கு வரும் கொமுட்டர், இறங்கியதும் ஆலை வாசலுக்கு ஒரு பஸ். அது சரியாக அமையாத வரை சம்பளத்தில் ஒரு பங்கு மோட்டார் சைக்கிள் தவணைக்கும் பெட்ரோலுக்கும்தான்.

அடுத்தது நிலம். இதுதான் நம் வயிற்றைக் கலக்குகிறது. 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு நில உரிமையாளருக்குப் போகும். மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தாலும், பட்டா இல்லாதவர் கருணைத் தொகைக்குக் கைகட்டி நிற்க வேண்டும். 2009-இல் குளுகோரில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டதை மறந்துவிட்டோமா? மாடு வளர்த்துப் பல தலைமுறை வாழ்ந்த தமிழர் கிராமம் அது. அங்கே ரயில்கூட வரவில்லை, நிலவிலை ஏறியதே போதுமாக இருந்தது.

அடுத்த முறை ஒய்.பி. கோயில் திருவிழாவில் மாலை வாங்க வரும்போது, வேக ரயில் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். காலையில் முதல் கொமுட்டர் எத்தனை மணிக்கு, பட்டா இல்லாத வீட்டுக்குத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.