விலையைக் குடிக்கிறவர்கள்

மலிவான ஒயின் மட்டமானது என்று தீர்ப்புச் சொல்பவர்களில் பலர், பாட்டிலைத் திறக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுகிறார்கள். 2008-ல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்றில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லி இரண்டு முறை கொடுத்தார்கள். 90 டாலர்தான் பிரமாதம் என்றார்கள் குடித்தவர்கள். பொய்யில்லை, மூளை ஸ்கேனிலும் இன்பம் கூடித்தான் தெரிந்தது.

நல்ல ஒயினுக்குச் செலவாகும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 225 லிட்டர் பிடிக்கும். அதாவது 300 பாட்டில். புதுப் பீப்பாய்க்கு 1000 யூரோ கொடுத்தாலும் பாட்டிலுக்கு மூன்று யூரோ சொச்சம்தான் ஏறும். அப்புறம் எப்படி ஒரு பாட்டில் 500 யூரோ ஆகிறது? ஊர்ப்பெயருக்கும், அங்குள்ள நிலத்தின் மதிப்புக்கும், வாங்கப் போட்டி போடும் பணக்காரர்களுக்கும் சேர்த்து வைத்த விலை அது.

தென் பிரான்சின் லிமூவில் தயாராகும் க்ரேமான் என்ற நுரைக்கும் ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விட்டு, ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் கிடத்தி, பிறகு வண்டலை நீக்கி மூடுகிறார்கள். ஷாம்பெய்ன் செய்வதும் இப்படித்தான். ஷார்டனே திராட்சை இரண்டிலும் உண்டு. சட்டம் கேட்கும் கிடப்புக் காலம் ஷாம்பெய்னுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 1531-லேயே எங்கள் ஊர் மடாலயத்தில் நுரைக்கும் ஒயின் இருந்தது என்று லிமூக்காரர்கள் பெருமையடிப்பார்கள். பெருமைக்கு அவர்கள் காசு கேட்பதில்லை. பெரிய ஷாம்பெய்ன் நிறுவனங்களின் விலையில் பாதிகூட வராது. பிரான்சின் நாந்த் நகரப் பக்கத்து மஸ்கடேயும் இதே ரகம்: வண்டலோடு குளிர்காலம் முழுக்க ஊறிய வெள்ளை ஒயின், சிப்பிக்கும் மீனுக்கும் அருமையான ஜோடி. பகட்டான பெயரில்லை, அதனால் விலையுமில்லை.

"நிபுணர் நாக்குக்கு வித்தியாசம் தெரியும்" என்பார்கள். அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்ற மோசடிக்காரர் தன் வீட்டில் கலந்த ஒயினைப் பழைய பர்கண்டி என்று விற்றபோது, ருசி தெரிந்த கோடீஸ்வரர்கள்தான் வாங்கினார்கள். குட்டு உடையக் காரணம் லேபிள்: பர்கண்டியில் ஒயின் செய்யும் பொன்சோ குடும்பம் 1982-ல்தான் தயாரிக்கத் தொடங்கிய ஒரு ஒயினுக்கு 1945 என்று ஆண்டு போட்டிருந்தார். 2014-ல் அவருக்குப் பத்தாண்டு சிறை.

அடுத்த முறை கடைக்காரரிடம் பிராண்டைக் கேட்காதீர்கள். புகழ்பெற்ற ஊருக்குப் பக்கத்து ஊர் ஒயின் இருக்கிறதா என்று கேளுங்கள். நண்பர்களுக்கு ஊற்றும்போது பாட்டிலைத் துணியால் சுற்றிவிடுங்கள். விலையைக் குடித்து முடித்தபின் சொன்னால் போதும்.